அக்கரைச் சீமைக்கு ஒளி சென்ற வரலாறு

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வடதிசை நோக்கி நீளும் கடற்கரையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், கண்ணாற் காணத்தக்கவற்றையே பெரிதும் எழுதிச் சென்றனர். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்டதும், புதிதாய் எழுந்துகொண்டிருந்த சென்னைத் துறைமுகம் 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டதும், 1983-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே கொள்கலன் முனையம் திறக்கப்பட்டதும், 2001-ஆம் ஆண்டில் எண்ணூரில் மற்றொரு பெருந்துறைமுகம் செயற்படத் தொடங்கியதும் நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் இவற்றினும் பெரிய போக்குவரத்து ஒன்று இன்று சென்னைக் கரையிலிருந்து வங்கக் கடலின் அடியில் இரவு பகலாய் நடைபெறுகிறது. அதற்குக் கப்பல் இல்லை, பாய்மரம் இல்லை, ஓசையும் இல்லை. அது ஒளியின் போக்குவரத்து.

அந்த ஒளியைப் பிறப்பிப்பது குறைக்கடத்தி லேசர் எனப்படும் ஒரு படிகத் துண்டு. எண்ணூரை அடுத்த உப்பளங்களில் விளையும் கல்லுப்பில் ஒரு மணியைவிட அது சிறியது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே. சிங்கப்பூரிலிருக்கும் மகனின் குரலும், அவன் அனுப்பும் பணத்தின் கணக்கும், பேரப்பிள்ளையின் நிழற்படமும் இத்தகைய படிகத்திலிருந்து புறப்பட்ட ஒளியாகவே கடலைக் கடக்கின்றன. இந்தச் சிறு படிகம் எவ்வாறு உருவாயிற்று, எத்தனை இடர்களைக் கடந்து பயனுக்கு வந்தது என்பதை நம் குடும்பத்தார் அறிந்துகொள்வது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

கப்பலும் தந்தியும்

நம் மக்களுள் சபராளிகள் இல்லாத குடும்பம் அரிது. பினாங்கும் சிங்கப்பூரும் ரங்கூனும் நம் பாட்டன்மாருக்கு அண்டை ஊர்கள் போன்றவை. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1973-ஆம் ஆண்டு வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத முதியவர் நம்மிடையே குறைவு. அதன் பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளாகும் வரை அதே வழியில் ஓடியது. சென்னையில் கப்பலேறியவர் பினாங்கு சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அவர் எழுதும் கடிதமும் அதே கப்பலில்தான் திரும்பி வர வேண்டும்.

கப்பலை முந்திச் செல்லும் வழியொன்று 1870-ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது. சென்னைக்கும் பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலின் அடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கப்பட்டமையால் தந்தியில் அன்பு விசாரிப்புக்கு இடமில்லை. தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே பெண்கள் பதறுவர். மௌத்துச் செய்தியோ, கப்பல் வந்து சேர்ந்த செய்தியோ என அறியாமல் வீடே நடுங்கும். அந்தத் தந்திச் சேவையையும் இந்நாடு 2013-ஆம் ஆண்டு ஜூலையில் முடித்துக்கொண்டது.

தந்திக் கம்பி இட்டு நூற்றுப்பதினோர் ஆண்டுகள் கழிந்தபின், 1981-ஆம் ஆண்டில், அதே சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக் கம்பி இடப்பட்டது. அதில் சென்றதும் மின்சாரமே. 2002-ஆம் ஆண்டில்தான் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஐ2ஐ' என்னும் ஒளியிழைக் கம்பி இயங்கத் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தின் கம்பி அதே வழியில் வந்தது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், தென்கிழக்காசியாவிலிருந்து மேற்கு ஐரோப்பா வரை செல்லும் 'சீ-மீ-வீ 4' கம்பியும் சென்னையைத் தொட்டுச் சென்றது. கப்பல் சென்ற வழியில் தந்தி சென்றது. தந்தி சென்ற வழியில் இன்று ஒளி செல்கிறது.

வெளிநாட்டுப் பேச்சுகள் யாவும் விண்ணிலுள்ள செயற்கைக் கோள் வழியே செல்வதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நாடுகளுக்கிடையேயான செய்திப் போக்குவரத்தின் மிகப் பெரும்பகுதி கடலடிக் கம்பிகளின் வழியேதான் நடைபெறுகிறது. பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செயற்கைக் கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே சென்று திரும்பும் குரலுக்குக் கால் விநாடி பிடிக்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிற் சொன்ன 'அஸ்ஸலாமு அலைக்கும்' சிங்கப்பூரை எட்டுவதற்குக் கடல் வழியில் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு போதும்.

ஒரே குரலில் இழுக்கும் வலை

விளக்கின் ஒளிக்கும் லேசர் ஒளிக்கும் வேறுபாடு யாது? காசிமேட்டுக் கரையில் வலையிழுப்போரை நோக்குவோமாக. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்திற்கு இழுத்தால் கயிறு அசையுமேயன்றி வலை கரையேறாது. 'ஏலேலோ' என ஒருவர் குரலெடுக்க, அனைவரும் அக்குரலுக்கு இசைந்து ஒரே நொடியில் இழுத்தால் வலை வந்து சேர்கிறது. விளக்கிலுள்ள அணுக்கள் தனித்தனியே இழுப்போரைப் போன்றவை. அவை வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு திசையில், வெவ்வேறு நிறத்தில் ஒளியை உமிழ்கின்றன. லேசரிலோ, முன்னே செல்லும் ஓர் ஒளித்துகள் அணுவைத் தூண்ட, அவ்வணு அதே நிறத்தில், அதே திசையில், அதே தாளத்தில் மற்றோர் ஒளித்துகளை விடுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. இவ்வாறு தூண்டப்பெற்று ஒளி பிறக்கக்கூடும் என்பதை ஐன்ஸ்டைன் 1917-ஆம் ஆண்டிலேயே கணக்கிற் கண்டார்.

அதைக் கையிற் பிடிக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பார் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். அவ்வாண்டு டிசம்பரில், தெஹ்ரானிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அலீ ஜவான் என்பாரும் அவர்தம் தோழர்களும் வாயுக்களிலிருந்து இடைவிடாது ஒளிரும் லேசரைப் படைத்தனர். அக்கருவிகள் பெரியவை, மின்சாரத்தை மிகுதியாய் உண்பவை. மின்னோட்டத்தை நேரே ஒளியாக மாற்றும் சிறு கருவி வேண்டுமெனில் வேறு பொருளைத் தேட வேண்டியிருந்தது.

குளிரில் மட்டும் வாழ்ந்த குழந்தை

செம்பைப் போல் மின்சாரத்தை எளிதிற் கடத்தாமலும், கண்ணாடியைப் போல் முற்றும் தடுக்காமலும் இடைப்பட்டு நிற்கும் பொருள்களைக் குறைக்கடத்திகள் என்பர். வானொலிப் பெட்டியின் டிரான்சிஸ்டருக்கும் கணிப்பொறிக்கும் பயன்படும் சிலிக்கன் இவ்வகையினது. ஆயின் சிலிக்கன் ஒளி தருவதில் மிகவும் சோம்பலுடையது. அதிற் புகும் மின்னாற்றல் பெரும்பாலும் வெப்பமாகவே வீணாகிறது. காலியம் என்னும் உலோகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த காலியம் ஆர்சனைடு அவ்வாறன்று. அதன் ஒரு பக்கத்தில் எலக்ட்ரான்கள் மிகுதியாகவும், மறுபக்கத்தில் அவற்றுக்குரிய இடங்கள் காலியாகவும் இருக்கும்படி அமைத்து மின்சாரத்தைச் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் எலக்ட்ரான்கள் காலியிடங்களில் விழுகின்றன. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் ஓர் ஒளித்துகள் பிறக்கிறது.

1962-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில், இப்படிகம் வியக்கத்தக்க திறனுடன் ஒளிர்வதாக அறிவிக்கப்பட்டது. அதைக் கேட்ட ராபர்ட் ஹால் என்னும் விஞ்ஞானி, இரயிலில் ஊர் திரும்புகையிலேயே இதிலிருந்து லேசர் பெறலாகுமா எனக் கணக்கிடத் தொடங்கினார் என்பர். லேசருக்கு எதிரெதிரே இரு கண்ணாடிகள் வேண்டும். ஒளி அவற்றினிடையே போய் வந்து பெருக வேண்டும். இளமையில் தொலைநோக்கிக்காகக் கண்ணாடி தேய்த்துப் பழகியவர் ஹால். படிகத்தின் இரு முனைகளையுமே பளபளக்கத் தேய்த்துக் கண்ணாடிகளாக்கிவிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் உலகின் முதல் குறைக்கடத்தி லேசர் ஒளிர்ந்தது. ஒரு திங்கள் அளவிலேயே அமெரிக்காவின் வேறு மூன்று குழுவினரும் அதே வெற்றியை எட்டினர். அவர்களுள் ஒருவரான நிக் ஹோலன்யாக் கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியையே பெற்றார்.

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. 1960-களின் நடுப்பகுதியில் பம்பாய் அணு ஆய்வு நிலையத்தில் காலியம் ஆர்சனைடு லேசர் உருவாக்கப்பட்டது என்பது நம் நாட்டு அறிவியல் வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் இக்குழந்தை குளிரில் மட்டுமே வாழ்ந்தது. திரவ நைட்ரஜனில், அதாவது சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில், நொடியின் சிறு பின்னமே நீடிக்கும் துடிப்புகளாக மட்டும் அது ஒளிர்ந்தது. அறை வெப்பத்தில் அதை ஒளிரச் செய்ய, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பதாயிரம் ஆம்பியர் என்னும் அளவில் மின்னோட்டம் வேண்டியிருந்தது. அத்தனை மின்னோட்டத்தை இடைவிடாது செலுத்தினால் படிகமே வெந்துபோகும். இங்கே இதன் இயல்பொன்றை அறிதல் வேண்டும். ஒவ்வொரு குறைக்கடத்தி லேசருக்கும் வரம்பு மின்னோட்டம் ஒன்றுண்டு. அதற்குக் கீழே அது மங்கிய விளக்கே. வரம்பைக் கடந்த நொடியில்தான் 'ஏலேலோ' தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற அவ்வரம்பும் ஏறிக்கொண்டே போகும். வரம்பு ஏறினால் மின்னோட்டத்தை ஏற்ற வேண்டும். மின்னோட்டம் ஏறினால் வெப்பம் மேலும் ஏறும். இந்தச் சுழலில் அகப்பட்ட கருவி, கத்தரி வெயிலில் 40 பாகையைத் தொடும் சென்னை போன்ற ஊரில் எவ்வாறு நிலைக்கும்? இது ஆய்வுக்கூட வேடிக்கை மட்டுமே எனப் பலரும் கருதியதில் வியப்பில்லை.

இரு சுவர்களுக்கிடையே

இதற்குத் தீர்வு 1963-ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹெர்பர்ட் குரோமர் ஒரு யோசனை கூறினார். எலக்ட்ரான்கள் படிகம் முழுவதும் சிதறியோடுவதால்தான் இத்தனை மின்னோட்டம் தேவைப்படுகிறது. ஆதலின் ஒளிரும் பொருளை மெல்லிய ஏடாக்கி, அதன் மேலும் கீழும் வேறொரு குறைக்கடத்தியால் சுவரெழுப்பினால், உள்ளே புகுந்த எலக்ட்ரான்கள் தப்ப முடியாது. சிறு மின்னோட்டமே போதும் என்பது அவர் கருத்து. அதே காலத்தில் சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில் ஷோரெஸ் அல்ஃபெரோவ், ருடால்ஃப் கசாரினோவ் என்போரும் தனியே இக்கருத்தை எட்டினர்.

இதற்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். குரோமரின் கட்டுரையை முதலில் அனுப்பிய ஆய்விதழ் ஏற்கவில்லை; வேறோர் இதழிலேயே அது வெளியாயிற்று. இந்த லேசரைச் செய்து பார்க்கப் பொருளுதவி கேட்டபோது, இதனால் நடைமுறைப் பயன் ஏதும் இராது எனக் கூறி மறுத்துவிட்டனர். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றபோது அவரே இதனை நினைவுகூர்ந்தார்.

சுவரெழுப்புவதும் எளிதன்று. இரு படிகங்களின் அணுவரிசைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அளவு வேறான செங்கற்களை ஒரே வரிசையில் அடுக்கினால் சுவரில் விரிசல் காண்பது போல், பொருந்தாத படிகங்களின் எல்லையில் குறைகள் தோன்றும். அக்குறைகளில் எலக்ட்ரான்கள் ஒளி தராமல் மடியும். காலியம் ஆர்சனைடுடன் ஏறத்தாழ மயிரிழையும் பிசகாமல் பொருந்துவது அலுமினியம் கலந்த காலியம் ஆர்சனைடு. ஆனால் அலுமினியம் ஆர்சனைடு ஈரக் காற்றிற் சிதைந்துவிடும் பொருள். ஆதலின் கலவையும் நிலைக்காது என அஞ்சினர். அப்போது லெனின்கிராடு ஆய்வுக்கூடத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்ட இக்கலவைப் படிகங்கள் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கப்பட்டிருந்தன. எடுத்துப் பார்த்தபோது அவை சிறிதும் கெடாமல் இருந்தன! தேடியலைந்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது.

1970-ஆம் ஆண்டின் மே மாதவாக்கில் அல்ஃபெரோவின் குழுவினரும், சில வாரங்களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இசுவோ ஹயாஷி, மார்ட்டன் பானிஷ் என்போரும் சாதாரண அறை வெப்பத்தில் இடைவிடாது ஒளிரும் லேசரைப் படைத்தனர். ஐம்பதாயிரம் ஆம்பியர் என்னும் தேவை ஓரிரு ஆயிரங்களாகக் குறைந்தது. கருத்துப் பிறந்ததற்கும் கருவி பிறந்ததற்கும் இடையே ஏழாண்டுகள் சென்றன. 2000-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் குரோமருக்கும் அல்ஃபெரோவுக்கும் பங்கு கிடைத்தது.

பாக்தாதில் எழுதிய ஏடு

இச்சுவர்கள் எலக்ட்ரான்களை மட்டுமன்றி ஒளியையும் உள்ளே அடக்குகின்றன. ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றிற்குப் புகும்போது வளைகிறது. அடர்ந்த பொருளிலிருந்து அடர்வு குறைந்ததன்மீது சாய்வாக வந்து விழுந்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்திற்கு மேல் அது வெளியேறவே இயலாமல் முழுவதும் உள்ளே திரும்பிவிடும். லேசரின் நடு ஏட்டில் ஒளி நிற்பதும், கண்ணாடி இழைக்குள் கடல் கடந்து ஓடுவதும் இந்த ஒரே விதியால்தான்.

ஐரோப்பியர் இவ்விதியை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்நெல் என்பாரின் பெயரால் வழங்குவர். ஆயின் கி.பி. 984-ஆம் ஆண்டளவில் பாக்தாதில் இப்னு ஸஹ்ல் என்னும் கணித அறிஞர், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதிய நூலில் இவ்விதிக்கு ஒப்பான வடிவக் கணக்கைப் பயன்படுத்தியிருந்தார். பஸராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளிநூலை இயற்றிய இப்னுல் ஹைதமுக்கு அவர் ஒரு தலைமுறை மூத்தவர். இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் ஓதப்பட்டது. இப்னு ஸஹ்லின் ஏடோ தெஹ்ரானிலும் திமிஷ்கிலும் இரு துண்டுகளாய்ப் பிரிந்து கிடந்தது. ருஷ்தீ ராஷித் என்னும் அறிஞர் அவற்றைப் பொருத்தி, 1990-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார்.

லேசரை முஸ்லிம்கள் கண்டுபிடித்ததாக நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது வரலாறாகாது. இப்னு ஸஹ்ல் அறிந்த ஒரு விதி ஆயிரம் ஆண்டுகள் நூலகத்தில் உறங்கிற்று. பிறர் அதைத் தாமே மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. அந்த இழப்பைச் சொல்வதே நம் நோக்கம்.

கண்ணாடி இழையும் நிறங்களின் ஒழுங்கும்

அறை வெப்பத்தில் லேசர் ஒளிர்ந்த அதே 1970-ஆம் ஆண்டில் மற்றொரு வெற்றியும் கிட்டியது. மாசற்ற கண்ணாடி இழையில் ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் எனச் சீன வம்சத்தவரான சார்லஸ் காவ் 1966-ஆம் ஆண்டில் தம் தோழர் ஹாக்கம் என்பாருடன் சேர்ந்து எழுதினார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பது அவர் வகுத்த இலக்கு. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அவ்விலக்கை எட்டினர். இன்றைய இழையில் நூறு கிலோமீட்டர் சென்றபின்னும் நூற்றில் ஒரு பங்கு எஞ்சுகிறது. காவ் 2009-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1979-ஆம் ஆண்டிலேயே புனே நகரில் இரு தொலைபேசி நிலையங்கள் ஒளியிழையால் இணைக்கப்பட்டன.

கண்ணாடி எந்த நிறத்தை மிக எளிதில் விடுகிறதோ அந்த நிறத்தில் லேசர் ஒளிர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 1.3 மைக்ரானிலும் 1.55 மைக்ரானிலும் அவ்வாயில்கள் உள்ளன. காலியம் ஆர்சனைடு அவ்வளவு தூரம் எட்டாது. இந்தியம், காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நான்கும் கலந்த படிகத்தை இந்தியம் பாஸ்பைடு என்னும் அடித்தளத்தின்மேல் வளர்த்து, 1970-களின் இடைப்பகுதியில் இதற்குரிய லேசரைச் செய்தனர். 1988-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைத்த முதல் அட்லாண்டிக் ஒளியிழைக் கம்பியில் 1.3 மைக்ரான் லேசர்களே பணியாற்றின.

சாதாரணப் படிக லேசர் ஒரே நேரத்தில் நெருங்கிய பல நிறங்களை உமிழும். இழையில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், நெடுந்தொலைவில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். இதனைத் தவிர்க்கப் படிகத்தின் நெடுக நுண்ணிய வரிப்பள்ளங்களைச் செதுக்கினர். அப்பள்ளங்களின் இடைவெளிக்கு ஒத்த ஒரே நிறம் மட்டும் வளர, ஏனையவை அடங்கின. நிறம் ஒன்றேயானபின், வேறு வேறு நிறமுடைய பல லேசர்களை ஒரே இழையில் சேர்த்தனுப்ப வழி பிறந்தது. சென்னை–சிங்கப்பூர் 'ஐ2ஐ' கம்பியில் எட்டு இணை இழைகள். அவற்றில் பல நிறங்களைச் சேர்த்தனுப்பி விநாடிக்கு 8.4 டெராபிட் வரை செலுத்தலாம் என வடிவமைத்தனர். ஒரு டெராபிட் என்பது இலட்சம் கோடி குறிகள்.

இங்கும் நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கிறது. இத்தகைய லேசரின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அதன் நிறம் ஒரு மீட்டரின் நூறு கோடியில் பத்திலொரு பங்கு நகரும். அடுத்தடுத்த நிறங்களுக்கிடையே உள்ள இடைவெளியோ இதைப் போல் எட்டு மடங்கு. சில கம்பிகளில் நான்கு மடங்கே. வைகறைக்கும் நண்பகலுக்கும் இடையே சென்னையில் ஏறும் வெப்பமே ஒரு நிறத்தை அண்டை நிறத்தின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு லேசரின் உறைக்குள்ளும் சிறு குளிர்விப்பான் ஒன்றும் வெப்பத்தை அளக்கும் உறுப்பொன்றும் வைத்து, அதன் வெப்பம் இம்மியும் மாறாமல் காக்கின்றனர்.

கடலடியில் கால் நூற்றாண்டு

மூவாயிரம் கிலோமீட்டர் செல்லும் ஒளியை இடையிடையே வலுவூட்ட வேண்டும். எர்பியம் என்னும் தனிமம் கலந்த கண்ணாடி இழையே ஒளியைப் பெருக்கும் என்பதை 1987-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அந்த எர்பியத்திற்கு ஆற்றலூட்டுபவையும் குறைக்கடத்தி லேசர்களே. கடலின் அடியில் ஐம்பது, எண்பது கிலோமீட்டருக்கொன்றாக அமைந்த பெருக்கிகளுள் அவை இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரம், கம்பியினுள் உள்ள உலோகக் குழாய் வழியே கரையிலிருந்து செல்கிறது.

ஆழ்கடலில் கிடக்கும் லேசர் கெட்டுப்போனால் கப்பல் சென்று கம்பியைத் தூக்கி எடுக்க வேண்டும். ஆகவே அது 25 ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும்படி செய்யப்படுகிறது. 1970-ஆம் ஆண்டின் முதல் லேசர்கள் சிறிது நேரத்திலேயே மாண்டன என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். படிகத்தினுள் இருந்த நுண்ணிய குறை ஒன்று, ஒளிரும்போது கறுத்த கோடாக வளர்ந்து லேசரைக் கொன்றது. அதன் காரணத்தைக் கண்டு, படிகத்தைத் தூய்மையாக்கி, ஏட்டின்மேல் ஏடாகப் பிசகின்றி வளர்க்கக் கற்ற பின்னரே ஆயுள் நீண்டது. பெயர் அறியாத எத்தனையோ தொழில்நுட்பத்தாரின் பல்லாண்டு உழைப்பு அது.

கம்பிக்கு வரும் பெரும் இடர் வேறு. உலகில் நேரும் கம்பிச் சேதங்களுட் பெரும்பாலானவை கரையை ஒட்டிய ஆழமற்ற பகுதியில், மீன்பிடி இழுவலைகளாலும் கப்பல்களின் நங்கூரங்களாலும் நேர்பவை. வடசென்னைக் கடலோ விசைப்படகும் சரக்குக் கப்பலும் நெருங்கிய கடல். கம்பி செல்லும் வழியைக் கடல்வரைபடத்தில் குறிப்பதும், அவ்வழியில் நங்கூரம் இடாதிருப்பதும் நம் மீனவர், மாலுமிகள் கையில் உள்ள காவல்.

வீட்டிற்குள் வந்த லேசர்

கடலடிக்குச் செல்லுமுன்பே இப்படிகம் வீட்டிற்குள் வந்துவிட்டது. 1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இசைத்தட்டுக் கருவி, அதாவது சி.டி. பிளேயர், குறைக்கடத்தி லேசரால் இயங்குவது. தட்டில் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றும் நுண்பள்ளங்களை அதன் ஒளி படிக்கும். துறைமுகத்தை அடுத்த பர்மா பஜாரில் வெளிநாட்டுக் கருவிகளைப் பார்த்து நின்றோர் லேசரைத்தான் பார்த்து நின்றனர். கிராஅத்தும் நாகூர் ஹனீபாவின் பாடல்களும் தட்டுகளாய் நம் இல்லங்களில் ஒலித்தது இப்படிகத்தின் தொண்டே. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்பகுதியின் வாழ்வு இரும்புத் தகட்டோடு பிணைந்தது. அத்தகைய தகட்டை வெட்டும் இன்றைய இழை லேசர் எந்திரங்களுக்கும் ஆற்றலூட்டுபவை இவையே.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கும் ஏனைய தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் கைதிகளை நாடு கடத்திய கடல்வழியில் இன்று பள்ளிப் பாடமும் மருத்துவ ஆலோசனையும் ஒளியாய்ச் செல்கின்றன.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தூரிலுள்ள இராஜா ராமண்ணா மையம் போன்ற இடங்களில் குறைக்கடத்தி லேசர் ஆய்வு நடைபெறுகிறது. ஆயினும் உலகச் சந்தைக்கு இப்படிகங்களை ஆக்கித் தருவோருள் ஜப்பானும் அமெரிக்காவும் சீனாவும் முன் நிற்கின்றன. ஒளி வந்திறங்கும் கரை நம்முடையது. ஒளியை ஆக்கும் கலை இன்னும் நம் கைக்கு முழுவதும் வரவில்லை.

மேற்படிப்புக்குச் செல்லும் மகனோ மகளோ இயற்பியலையோ வேதியியலையோ விரும்பினால், "இதனாற் பயன் என்ன? சம்பாத்தியம் உண்டா?" என்று நம் வீடுகளிற் கேட்கின்றனர். பொருள் தேடும் கவலை நியாயமானதே. எனினும் குரோமரிடம் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான். அவர் கருத்து ஏழாண்டுகள் காத்திருந்தது; லெனின்கிராடு ஆய்வுக்கூடத்தின் படிகம் இரண்டாண்டுகள் இழுப்பறையில் கிடந்தது; இப்னு ஸஹ்லின் ஏடு ஆயிரம் ஆண்டுகள் பிரிந்து கிடந்தது. பயனில்லை என ஒதுக்கப்பட்ட இம்மூன்றும் கூடிய இடத்தில்தான் இன்று சிங்கப்பூர்ப் பிள்ளையின் குரல் சென்னைத் தாயின் காதில் ஒலிக்கிறது. கல்வியை விலை பேசுமுன் இவ்வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்வோமாக.